ஜென்கின்ஸ் யூஐயை மாற்றச் சொல்கிறார்கள்: மேலே பூசுவதா, உள்ளே கை வைப்பதா?

பில்டு_காவலன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆபீஸ் ஜென்கின்ஸ் சர்வர் (கோடைத் தொகுத்து, சோதித்து, சர்வரில் ஏற்றும் பில்டு, டிப்ளாய் வேலைகளைத் தானாகச் செய்யும் மென்பொருள்) மூன்று வருடமாக என் தலையில் இருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கியதில்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது அட்மின் பாஸ்வேர்டு என் கைக்கு வந்தது, அவ்வளவுதான். ஓடுவது 2.346.3 வெர்ஷன், ஜாவா 8இல். முந்நூறு ஜாப் இருக்கும், பாதி பைப்லைன் (கட்டம் கட்டமாகக் கோடாக எழுதியவை), மீதி பழைய ஃப்ரீஸ்டைல் (படிவத்தில் நிரப்பி அமைத்தவை).

போன மாதம் புதிதாக வந்த மேனேஜர் டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "இது 2008இலேயே நின்றுவிட்டதா?" என்று கேட்டார். எனக்கும் அதைக் கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் இவர் கேட்டதோடு விடவில்லை, "மாடர்ன் யூஐ" என்று இந்தக் காலாண்டு இலக்கிலேயே எழுதிவிட்டார். இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஃப்ரன்ட்எண்ட் டீமில் இரண்டு பசங்க, ஜென்கின்ஸின் ஏபிஐக்கு (வேறு நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) மேலே ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் புது முகப்பு மூன்றே மாதத்தில் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொருவர், ஜென்கின்ஸுக்கென்றே வந்த ப்ளூ ஓஷன் முகப்பைப் போட்டால் முடிந்தது கதை என்கிறார். நான் என்ன நினைத்தேன் என்றால், ஒழுங்காக அப்கிரேடு பண்ணினாலே பாதி மாறிவிடும் என்று.

அதனால் ஒரு டெஸ்ட் மெஷினில் புது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள வெளியீடு) போட்டுப் பார்த்தேன். பயங்கரம். முன்னால் இருந்தவர் சிம்பிள் தீம் என்ற பிளகினில் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) எழுநூறு வரிக்கு சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோடு) எழுதி வைத்திருக்கிறார், அதனால் இடப்பக்க மெனு ஜாப் பட்டியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, சில பட்டன்களில் வெள்ளை மேல் வெள்ளை எழுத்து. அதைவிட மோசம், நாங்களே எழுதிய ஒரு பிளகின் இருக்கிறது, எந்தச் சூழலுக்கு கோடின் எந்தக் கிளையை (பிராஞ்ச்) டிப்ளாய் செய்ய வேண்டும் என்று கேட்கும் படிவம். அது கோணல்மாணலாகத் தெரிகிறது, "சரிபார்" பட்டனை அழுத்தினால் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வழியில் எது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா_இருக்கும்_எக்ஸிக்யூட்டர்:

முதலில் அந்த ரியாக்ட் யோசனையை நிறுத்துங்கள். பசங்க கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அது பிரச்சினை இல்லை. ஜென்கின்ஸில் "யூஐ" என்று தனியாகக் கழற்றி மாட்டுகிற ஒரு பொருள் கிடையாது, அதுதான் பிரச்சினை.

உள்ளே ஸ்டேப்ளர் என்று ஒன்று இருக்கிறது, அது ஜாவா ஆப்ஜெக்டுகளை நேராக யூஆர்எல்லாக ஆக்குகிறது. ஜாபுக்குக் கீழே பில்டு, பில்டுக்குக் கீழே கன்சோல், முகவரியும் அதே வரிசைதான். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் அது எப்படித் தெரிய வேண்டும் என்று ஜெல்லி ஃபைல்கள், எக்ஸ்எம்எல் பாணியில் எழுதியவை, சர்வரிலேயே எச்டிஎம்எல்லாகி வரும். கொசுகே கவாகுச்சி 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது ஹட்சன் என்ற பெயரில் ஆரம்பித்தது இது. ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு பெயருக்குச் சண்டை வந்து 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. பெயர் மாறியதே தவிர அஸ்திவாரம் அதேதான். நீங்கள் ஒரு பிளகின் போட்டால் அதுவும் தன் ஜெல்லியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பக்கத்தில் தனக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

சுருக்கமாக, இது ஒண்டுக்குடித்தன வீடு. வாசலும் முற்றமும் பொது, ஆனால் ஒவ்வொரு குடித்தனமும் அவரவர் அறைக்கு அவரவரே வெள்ளையடித்துக்கொள்கிறார்கள், ஒருவர் நீலம், ஒருவர் பச்சை. பிளகின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. வீட்டுக்காரர் வாசல் கதவை மாற்றினால் உள்ளே யாருடைய அலமாரி இடிக்கும் என்று அவருக்கே தெரியாது.

ப்ளூ ஓஷன் கதையும் இதுதான். 2016இல் அறிவித்தார்கள், 2017 ஏப்ரலில் 1.0 வந்தது, ரியாக்டில் எழுதியது. பார்க்க அவ்வளவு அழகு, எந்தக் கட்டத்தில் பைப்லைன் உடைந்தது என்று ஒரே பார்வையில் தெரியும், நானே எங்கள் டீமில் விழுந்து விழுந்து விளம்பரம் செய்தவன். ஆனால் அது பழைய வீட்டைத் திருத்தவில்லை, பக்கத்து மனையில் புது வீடு கட்டிவிட்டுக் குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டது. பிளகின் எழுதியவர்கள் அதற்கென்று தனியாக ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு முகம் எழுத வேண்டும், பெரும்பாலானவர்கள் எழுதவில்லை. அதனால் ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமென்றால் திரும்பப் பழைய பக்கத்துக்கே வந்து விழுவோம். ஃப்ரீஸ்டைல் ஜாபுக்கு அங்கே மரியாதையே கிடையாது. இப்போது அதன் ஆவணத்திலேயே புது வசதி எதுவும் வராது என்று எழுதிவிட்டார்கள். இன்றைக்குப் புதிதாகப் போடாதீர்கள்.

உங்கள் பசங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏதாவது ஒரு பிளகினின் அமைப்புப் படிவத்தை உங்கள் புது முகப்பில் எப்படிக் காட்டுவீர்கள்?" ஜேசன் ஏபிஐயில் படிப்பதற்கு நிறைய கிடைக்கும், ஜாப் நிலவரம், பில்டு எண், எவ்வளவு நேரம் ஓடியது எல்லாம். படிவம் மட்டும் வராது. ஜாப் அமைப்பு வேண்டுமென்றால் முழு எக்ஸ்எம்எல்லாக எடுத்து முழு எக்ஸ்எம்எல்லாகத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். மூன்று மாதம் என்றது எனக்கு மூன்று வருடமாகக் கேட்கிறது.

---

ஜெல்லி_மேஸ்திரி:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் இரண்டு பிளகின்களைப் பராமரிக்கிறவன் என்பதால் உங்கள் உடைந்த படிவத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன்.

கோணல்மாணலாகத் தெரிவதற்குக் காரணம் அநேகமாக டேபிள். முன்பெல்லாம் ஜென்கின்ஸின் அமைப்புப் பக்கம் முழுக்க ஒரே பெரிய எச்டிஎம்எல் டேபிள், ஒவ்வொரு புலமும் ஒரு வரிசை. மொபைலில் திறந்தால் அழுகை வரும், திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு அதைவிடக் கொடுமை. 2021 மார்ச்சில் வந்த 2.277.1 எல்டிஎஸ்ஸில் அதை டிவ் (டேபிள் இல்லாத சாதாரணப் பெட்டிகள்) ஆக மாற்றினார்கள். சொல்ல ஒரு வரி, ஆனால் தங்கள் ஜெல்லியில் நேராக டேபிள் வரிசையை எழுதி வைத்திருந்த பிளகின்கள் எல்லாம் அன்றைக்குப் பல் இளித்தன. அந்த எல்டிஎஸ்ஸுக்கு முன்னால் எந்தப் பிளகின் தாங்கும், எது தாங்காது என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார்கள், அந்த வேலையை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை. உங்கள் 2.346 அந்த மாற்றத்துக்குப் பிந்தையதுதான். அப்படியானால் உங்கள் பழைய ஆள் சிஎஸ்எஸ்ஸிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், அந்த எழுநூறு வரியில் தேடிப் பாருங்கள், இருக்கும்.

பட்டன் கல்லு மாதிரி இருப்பதற்கு என் ஊகம் ப்ரோட்டோடைப். அதுவும் யாஹூவின் ஒய்யூஐயும் ஜென்கின்ஸ் கோரோடு (பிளகின்கள் போக மிஞ்சும் அடிப்படை மென்பொருள்) கூடவே வந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள். ஒய்யூஐ வேலையை யாஹூ 2014இலேயே நிறுத்திவிட்டது, ப்ரோட்டோடைப்பின் கடைசி வெளியீடு 2015. அதற்கப்புறமும் எத்தனையோ வருடம் ஜென்கின்ஸ் இரண்டையும் சுமந்துகொண்டிருந்தது, ஏனென்றால் எந்தப் பிளகின் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ப்ரோட்டோடைப்புக்கு இன்னொரு கெட்ட பழக்கம், பிரவுசரின் சொந்த அர்ரே, ஸ்ட்ரிங் எல்லாவற்றிலும் தன் ஃபங்ஷன்களைப் போய் ஒட்டிவிடும். நல்ல புது நூலகம் ஒன்றைக் கொண்டுவந்தால் அதோடு மல்லுக்கு நிற்கும். 2023இல் ஒருவழியாகக் கோரிலிருந்து எடுத்தார்கள். பிரவுசர் கன்சோலைத் திறந்துவிட்டு உங்கள் பட்டனை அழுத்துங்கள். "அஜாக்ஸ் என்று ஒன்று இல்லை" என்று சிவப்பில் வந்தால் நான் சொன்னதுதான், அஜாக்ஸ் என்பது பின்னணியில் சர்வரை அழைக்க ப்ரோட்டோடைப் தந்த வசதி.

திருத்துவது பெரிய வேலை இல்லை. கையால் எழுதிய டேபிள் வரிசையை எல்லாம் எடுத்துவிட்டு, ஜென்கின்ஸே தரும் படிவ டேக்குகளை மட்டும் வையுங்கள், அவற்றின் தோற்றம் கோரோடு சேர்ந்து மாறிக்கொள்ளும். அஜாக்ஸ் அழைப்பை பிரவுசரின் சொந்த ஃபெட்சில் மாற்றி எழுதுங்கள். பட்டன் டேகிலேயே ஆன்கிளிக் எழுதியிருந்தால் அதையும் இப்போதே எடுத்துத் தனி ஜேஎஸ் ஃபைலில் போட்டு அட்ஜங்க்ட் (ஜேஎஸ் ஃபைலைப் பக்கத்தில் சேர்க்க ஸ்டேப்ளர் தரும் வழி) வழியாகச் சேருங்கள். ஏனென்றால் பக்கத்துக்குள்ளே நேராக எழுதிய ஸ்கிரிப்டைத் தடுக்கும் பாதுகாப்புக் கொள்கையை நோக்கித்தான் கோர் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது விட்டால் அடுத்த அப்கிரேடில் இதே பதிவை மறுபடி எழுதுவீர்கள். டிசைன் லைப்ரரி என்று ஒரு பிளகின் இருக்கிறது, டெஸ்ட் மெஷினில் போட்டுப் பாருங்கள், பட்டன் எப்படி, டேபிள் எப்படி, ஐகான் எப்படி என்று மாதிரியோடு ஜெல்லியும் காட்டும். எனக்கு ஒரு வார இறுதி ஆனது, அதில் பாதி நேரம் ஐகான் தேர்ந்தெடுப்பதில் போனது.

---

நீலப்பந்து:

எல்லோரும் பழைய யூஐயைத் திட்டுகிறீர்கள், ஒருவன் அதற்காகப் பேச வேண்டாமா?

முந்நூறு ஜாப் வைத்திருக்கிற ஆளுக்கு என்ன வேண்டும்? ஒரே திரையில் நாற்பது வரி தெரிய வேண்டும். பழைய டாஷ்போர்டு அசிங்கம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அடர்த்தி இருந்தது. அந்த வெயில், மேகம், இடி மழை படம் இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிக்காத புது ஆளே கிடையாது, ஆனால் கடைசி ஐந்து பில்டின் கதையை அதைவிடச் சின்ன இடத்தில் யாராவது சொல்லிக் காட்டட்டும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் காற்று வாங்க இடம் விட்டிருக்கிறார்கள். அப்புறம் மூலையில் "ஆட்டோ ரெஃப்ரெஷ்" என்று ஒரு இணைப்பு இருந்தது, சுவரில் டிவி மாட்டி அதில் பக்கத்தைத் திறந்து விட்டிருந்தோம், ஒரு நாள் அப்கிரேடு பண்ணினோம், அதைக் காணோம். அதற்கு பில்டு மானிட்டர் வியூ போடு என்றார்கள், போட்டேன், சரிதான், இருந்தாலும்.

என் பெயருக்குக் காரணம் தெரியாதவர்களுக்கு: வெற்றியான பில்டுக்கு ஜென்கின்ஸ் நீலப் பந்துதான் காட்டிக்கொண்டிருந்தது. கவாகுச்சி ஜப்பான்காரர், அங்கே சிக்னலில் எரியும் பச்சை விளக்கை "ஆவோ" என்பார்கள், அது நீலத்துக்கும் அதே சொல். ஊரெல்லாம் பச்சை வேண்டும் என்று கேட்டு அதற்கென்றே கிரீன் பால்ஸ் என்று தனிப் பிளகின் வந்து, அது சக்கைப்போடு போட்டது. ஒரு பந்தின் நிறத்துக்கே இந்தப் பாடு என்றால் முழு யூஐயை மாற்றுகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் புதுசுக்கு என் ஓட்டு. இப்போதைய நிலவர ஐகான்களில் நிறம் போக உள்ளே டிக், பெருக்கல் குறி, ஆச்சரியக்குறி என்று வடிவமும் இருக்கிறது. எங்கள் டீமில் ஒருவருக்குச் சிவப்புப் பச்சை பிரித்துத் தெரியாது, அவர் இத்தனை வருடம் மவுஸை ஒவ்வொரு பந்தின் மேலும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

---

பில்டு_காவலன்:

மூவருக்கும் பெரிய நன்றி. மேஸ்திரி சொன்னதுதான், கன்சோலில் அதே சிவப்பு வரி. சிஎஸ்எஸ்ஸில் தேடினேன், எங்கள் பிளகினுக்காக மட்டும் நூற்றுப்பத்து வரி முட்டு. நீங்கள் எங்கள் சர்வரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா என்று சந்தேகமே வந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். முழு ஜென்கின்ஸ் ஹோம் ஃபோல்டரையும் டெஸ்ட் மெஷினுக்கு நகல் எடுத்துப் போட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நகல் என்றால் எல்லாம்தானே நகல், டைமரும் ரகசியக் குறிகளும் உட்பட. இரவு இரண்டு மணிக்கு உண்மையான சர்வரும் நகலும் ஒரே நேரத்தில் ஸ்டேஜிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் சூழல்) டிப்ளாய் செய்ய ஆரம்பித்து ஒன்றின் ஃபைலை ஒன்று அழித்துக்கொண்டு, காலையில் டெஸ்டிங் டீம் அக்கா ஒருவர் என் மேஜைக்கே வந்துவிட்டார். வந்து ஒன்றும் திட்டவில்லை, "தம்பி, ராத்திரி என்ன பண்ணின?" என்று மட்டும் கேட்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, 2.346இலிருந்து நேராகத் தாவலாமா, படிப்படியாகப் போக வேண்டுமா? இரண்டு, டெஸ்ட் முடிந்ததும் வரும் எச்டிஎம்எல் அறிக்கை புது சர்வரில் நிறமில்லாமல், வரைபடம் இல்லாமல், வெறும் எழுத்தாக வருகிறது. பழைய சர்வரில் நன்றாக வந்தது. இதுவும் தீம் பிரச்சினையா?

---

சும்மா_இருக்கும்_எக்ஸிக்யூட்டர்:

நகலை ஓட விடுவதற்கு முன் இனிட் க்ரூவி ஃபோல்டரில் (ஜென்கின்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளின் இடம்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு, எழுந்ததுமே புது பில்டு எதையும் எடுக்காத அமைதி நிலைக்குப் போகச் செய்யலாம். அதையும் நம்பாமல் அந்த மெஷினின் நெட்வொர்க்கை வெளியே போக முடியாதபடி அடைத்துவிடுவது இன்னும் உத்தமம்.

நேராகத் தாவுவதைப் பற்றி: 2.346.3தான் ஜாவா 8இல் ஓடிய கடைசி எல்டிஎஸ். அடுத்து வந்த 2.361.1 ஜாவா 11 கேட்கும், 2024 அக்டோபரில் வந்த 2.479.1இலிருந்து ஜாவா 17. சர்வரில் மட்டும் மாற்றினால் போதாது, பில்டுகளை ஓட்டும் ஏஜென்ட் மெஷின்களிலும் குறைந்தது அதே ஜாவா இருக்க வேண்டும், இதை மறந்துதான் நிறையப் பேர் அப்கிரேடு அன்றைக்கு எல்லா ஏஜென்டும் ஆஃப்லைன் என்று அலறுவார்கள். நான் 2.361, 2.414, 2.479 என்று நின்று நின்று போனேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிளகின்களையும் சேர்த்து ஏற்றினேன். எல்டிஎஸ் 12 வாரத்துக்கு ஒருமுறை புது வரிசை எடுக்கிறது, நீங்கள் இத்தனை வரிசை தள்ளி நிற்கிறீர்கள் என்பதால்தான் எல்லா உடைப்பும் ஒரே நாளில் தெரிகிறது.

அறிக்கை தீம் பிரச்சினை இல்லை. 2015 டிசம்பரிலிருந்தே ஜென்கின்ஸ் தான் பரிமாறும் பில்டு ஃபைல்களில் ஸ்கிரிப்ட் ஓடாதபடி தடுக்கிறது. உங்கள் பழைய ஆள் ஸ்டார்ட் செய்யும் கட்டளையில் அந்தத் தடையைக் காலியாக்கி வைத்திருப்பார், புது மெஷினில் அந்த வரி வந்திருக்காது. தயவுசெய்து அதைத் திரும்பப் போடாதீர்கள். யாரோ ஒருவரின் கிளையிலிருந்து உருவான எச்டிஎம்எல்லை நீங்கள் அட்மினாக லாகின் செய்துகொண்டு திறந்தால், அதிலிருக்கும் ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் எதையும் செய்யும். அமைப்புப் பக்கத்தில் ரிசோர்ஸ் ரூட் யூஆர்எல் என்று ஒரு புலம் இருக்கிறது, இரண்டாவதாக ஒரு டொமைன் பெயரை அதே சர்வருக்குக் காட்டி அங்கே கொடுங்கள், அறிக்கை அந்த முகவரியிலிருந்து நிறத்தோடு வரும், லாகின் குக்கீ அங்கே போகாது.

---

ஜெல்லி_மேஸ்திரி:

மேனேஜருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா, அதற்கு: சிம்பிள் தீமை முழுசாகக் கழற்றுங்கள், ஒரு வரி கூட மிச்சம் வைக்காதீர்கள். கோர் ஒவ்வொரு வெளியீட்டிலும் கிளாஸ் பெயர்களை மாற்றும், உங்கள் சிஎஸ்எஸ் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். டார்க் தீம் பிளகின் போடுங்கள், வேண்டுமென்பவர்கள் அவரவர் கணக்கில் மாற்றிக்கொள்ளட்டும். கம்பெனி லோகோவும் தலைப்பு நிறமும் வேண்டுமென்றால் கஸ்டமைசபிள் ஹெடர். ப்ளூ ஓஷனில் பார்த்த மாதிரி பைப்லைன் படம் வேண்டுமென்றால் பைப்லைன் கிராஃப் வியூ, இது ரியாக்டில் எழுதியதுதான், ஆனால் பக்கத்து மனையில் இல்லை, பழைய பில்டு பக்கத்துக்குள்ளேயே உட்காரும்.

---

பில்டு_காவலன்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நின்று நின்று போய் 2.479 வந்து சேர்ந்தோம். ஒரு ஏஜென்டில் மட்டும் ஜாவா மாற்ற மறந்தேன், எது என்று கேட்காதீர்கள், ரிலீஸ் பில்டு ஓடும் ஏஜென்ட்தான். எங்கள் பிளகின் படிவம் இப்போது மொபைலில்கூடத் திறக்கிறது. எழுநூறு வரி சிஎஸ்எஸ்ஸை அழித்த அன்றைக்கு ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

ரியாக்ட் பசங்களிடம் அந்தப் படிவக் கேள்வியைக் கேட்டேன். இரண்டு நாள் பேச்சு மூச்சு இல்லை, பிறகு அவர்களே வந்து, டிப்ளாய் நிலவரம் மட்டும் காட்டும் ஒரு சின்னப் பக்கம் செய்கிறோம் என்றார்கள். செய்தும் விட்டார்கள், நன்றாகவே இருக்கிறது. முதல் நாள் முந்நூறு ஜாபின் எல்லா பில்டையும் ஆழமாகக் கேட்டு, டிஸ்கில் இருக்கும் பழைய பில்டுகளை எல்லாம் மெமரிக்கு ஏற்றி சர்வரை மூச்சுத்திணற வைத்தார்கள். ஏபிஐயில் ட்ரீ என்று கொடுத்துத் தேவையான புலங்களை மட்டும் கேட்கச் சொன்னதும் சரியானது.

மேனேஜர் பார்த்தார். லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்றார்.

---

நீலப்பந்து:

வாழ்த்துகள். ஆட்டோ ரெஃப்ரெஷ்?

---

பில்டு_காவலன்:

வரவில்லை.